போன மாதம் எத்தனை கிலோ? குழந்தையின் வளர்ச்சிக் கோட்டைப் படிக்கும் விதம்

குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பால்வாடி. கூரை விட்டத்தில் கடிகாரம் போல வட்டமான தராசு ஒன்று தொங்குகிறது. அதன் கொக்கியில் துணித் தூளி. ஒன்பது மாதப் பெண் குழந்தையை அதில் உட்கார வைத்ததும் வீறிட்டு அழுகிறது. முள் ஆடி அடங்கியதும் டீச்சர் எண்ணைச் சொல்கிறார், நோட்டில் எழுதுகிறார். அம்மா குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொள்கிறாள். வாசலில் நிற்கும் பாட்டி கேட்கிறார்: "எத்தினி கிலோ கீது?"

"ஏழு எண்ணூறு."

"பரவால்ல, நல்லாத்தான் கீது." மூவரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

வேலூர் மாவட்டத்துக் கிராமங்களில் இந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பாட்டியிடம் இன்னொரு கேள்வியையும் கேட்கச் சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும்: "போன மாசம் எத்தினி?" குழந்தையின் எடையைப் பார்ப்பது என்ற முழு வேலையும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

கணக்குக்காக இரண்டு பெண் குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். முதல் குழந்தை ஆறாம் மாதத்தில் 7.9 கிலோ, ஏழில் 7.9, எட்டில் 7.8, ஒன்பதில் 7.8. இரண்டாவது குழந்தை ஆறில் 6.2, ஏழில் 6.5, எட்டில் 6.8, ஒன்பதில் 7.0. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால், முதல் குழந்தை கொழுகொழுவென்று இருக்கும். இரண்டாவதைப் பார்த்து "ஏம்மா, புள்ளைக்குச் சோறு போடறியா இல்லியா?" என்று தெருவில் போகிறவர்கள்கூடக் கேட்பார்கள். ஆனால் இரண்டாவது குழந்தை சிறிய உடம்போடு மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கிறது. முதல் குழந்தைதான் மூன்று மாதமாக அப்படியே நின்றுவிட்டது. அதற்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது. வெறும் கண்ணுக்கு இது தெரியாது. இதைக் காட்டத்தான் தாய் சேய் நல அட்டையில் அந்த வரைபடம் இருக்கிறது.

அட்டையை எடுத்துப் பாருங்கள். ஆண் குழந்தைக்கு ஒரு படம், பெண் குழந்தைக்கு ஒரு படம். பையன்கள் சராசரியில் கொஞ்சம் கனமாக இருப்பார்கள் என்பதால் தனித்தனி. கீழே இடமிருந்து வலமாக மாதங்கள். ஓரத்தில் கீழிருந்து மேலாகக் கிலோ. குழந்தையின் மாதத்துக்கு நேராக மேலே போய், எடைக்கு நேராக ஒரு புள்ளி வைக்க வேண்டும். அடுத்த மாதம் இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்து ஒரு கோடு. பச்சைப் பகுதி வயதுக்கேற்ற எடை. அதன் கீழே மஞ்சள், ஓரளவு எடைக்குறைவு. அதற்கும் கீழே ஆரஞ்சு, கடுமையான எடைக்குறைவு. பெரும்பாலான அம்மாக்களுக்கு நிறம் மட்டும்தான் சொல்லித்தரப்படுகிறது. "பச்சையில இருக்கு, பயப்படாதே." நம் முதல் குழந்தையும் பச்சையில்தான் இருக்கிறது! ஒன்பது மாதப் பெண் குழந்தைக்குப் பச்சை முடிந்து மஞ்சள் தொடங்குவது 6.5 கிலோவில். அவளோ 7.8. நிறத்தை மட்டும் பார்த்தால் இன்னும் பல மாதங்களுக்கு யாரும் அவளைக் கவனிக்க மாட்டார்கள்.

காட்பாடி ஜங்ஷனில் நின்று பார்த்தால் தண்டவாளங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது தெரியும். அட்டையில் அச்சடித்த கோடுகளும் அப்படித்தான். ஒரு குழந்தை மேல் தண்டவாளத்தில் போகும், ஒன்று நடுவில், ஒன்று கீழே. எந்தத் தண்டவாளம் என்பது அப்பா அம்மாவின் உடல்வாகு, பிறந்தபோது இருந்த எடை எனப் பலவற்றைப் பொறுத்தது. பார்க்க வேண்டியது, குழந்தை தன் தண்டவாளத்திலேயே போகிறதா என்பதுதான். மேலே போய்க்கொண்டிருந்தது திடீரென்று கீழ்த் தண்டவாளத்துக்கு இறங்கினால், தண்டவாளம் பிரியும் இடத்தில் யாரோ பாயிண்ட்டை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். யார், எப்போது என்று தேட வேண்டும். முதல் இரண்டு வருடத்தில் சில குழந்தைகள் எந்த நோயும் இல்லாமலே மெதுவாகத் தங்கள் குடும்ப உடல்வாகுக்கு ஏற்ற கோட்டுக்கு நகர்வதுண்டு. அதையும் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்; வீட்டில் நாமே முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம்.

நடுக்கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதைப் பரீட்சையின் பாஸ் மார்க் என்று நினைத்துக் கவலைப்படும் பெற்றோர் நிறைய. நன்றாக வளரும் நூறு குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குழந்தையின் எடைதான் அது. ஒரு வயதில் ஆண் குழந்தைக்கு 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9. நூறில் பாதிப் பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள், அவர்களும் ஆரோக்கியமான குழந்தைகளே. பச்சைக்குக் கீழேகூட அந்த நூறில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அதனால்தான் ஒரு புள்ளியை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

"இது வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்குப் போட்ட கணக்கு, நம்ம சனம் ஒல்லிதான்" என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. 1977-இல் வந்த பழைய வளர்ச்சி அட்டவணையில் கைக்குழந்தைகளின் கணக்கு, பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த அமெரிக்கக் குழந்தைகளை அளந்து போட்டது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையை அதில் வைத்துப் பார்த்தால் மூன்று நான்கு மாதத்துக்கு மேல் பின்தங்குவது போலத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து டின் பால் தொடங்கிய அம்மாக்கள் எத்தனை பேரோ. அதை மாற்றத்தான் உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்ற ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது. தாய்ப்பால் குடித்த, புகை பிடிக்காத தாய்மாருக்குப் பிறந்த, சத்துக்கும் சுத்தத்துக்கும் குறையில்லாத வீட்டுக் குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியாவின் சார்பில் டெல்லிக் குழந்தைகள். முடிவு 2006-இல் வெளியானது. வசதி சமமாக இருந்தால் டெல்லிக் குழந்தையும் நார்வேக் குழந்தையும் முதல் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கின்றன. இன்று நம் அட்டையில் இருக்கும் கோடுகள் அந்தக் கோடுகள்தான். நம் பக்கத்து லத்தேரியில் பிறந்த குழந்தைக்கும் நார்வேயின் ஆஸ்லோவில் பிறந்த குழந்தைக்கும் ஒரே அளவுகோல் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிரும். நம் குழந்தைக்குக் குறைந்த கோடு போதும் என்று யாரும் சொல்ல முடியாது.

மாதத்துக்கு எவ்வளவு ஏற வேண்டும்? முதல் மூன்று மாதம் குழந்தை மிக வேகமாக ஏறும், நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை. நான்கு முதல் ஆறு மாதத்தில் மாதம் சுமார் அரைக் கிலோ. ஆறிலிருந்து ஒன்பது மாதம் வரை மாதம் 300 கிராம். அதன்பின் மாதம் 200 கிராமைச் சுற்றித்தான். பிறந்த எடை ஐந்து மாதவாக்கில் இரட்டிப்பாகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். இவை சராசரிக் கணக்குகள். ஒரு மாதம் கொஞ்சம் கூடும், ஒரு மாதம் குறையும்.

ஒரு வயதுக் குழந்தையின் ஒரு மாத ஏற்றமே 200 கிராம்தான் என்றால், எடை போடுவதில் 100 கிராம் தவறு நடந்தால் என்ன ஆகும்? பாதி வளர்ச்சி காணாமல் போகும், அல்லது இல்லாத வளர்ச்சி முளைக்கும். தொங்கு தராசில் சின்னக் கோடு ஒவ்வொன்றும் 100 கிராம். எனவே தூளியை மாட்டிய பிறகு முள்ளைச் சைபருக்குக் கொண்டுவர வேண்டும். குழந்தையின் சட்டை, ஈர ஜட்டி, கால் கொலுசு, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்ற மனசில்லாத தாயத்து, கறுப்புக் கயிறு இருந்தால் மாதாமாதம் அதோடே போடட்டும், ஒரே மாதிரி இருந்தால் போதும். குழந்தை உதைக்கும்போது முள் ஆடும். அடங்கும் வரை காத்திருந்து, முள்ளின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும். முடிந்தவரை ஒரே தராசு. பால்வாடியில் ஒரு மாதம், மருந்துக்கடையில் ஒரு மாதம் என்று மாற்றினால் குழந்தையை விடத் தராசின் குணம்தான் தெரியும். தராசு மேல் சந்தேகம் வந்தால் மளிகைக் கடை ஒரு கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்துவிடலாம். இப்போது பல மையங்களில் கைக்குழந்தைக்கென்று எண் காட்டும் தராசு வந்திருக்கிறது, அதில் இந்தத் தொல்லை குறைவு.

பிறந்த முதல் வாரத்தில் குழந்தையின் எடை இறங்கும். 3 கிலோவில் பிறந்தது நான்காம் நாள் 2.8 ஆகியிருந்தால் அலறக்கூடாது. உடம்பில் இருந்த கூடுதல் நீர் வெளியேறுகிறது, தாய்ப்பால் இப்போதுதான் ஊறுகிறது. பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். இந்த இரண்டு வாரத்தில்தான் "பால் பத்தல" என்ற பேச்சு வீட்டில் கிளம்பும். மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், டின் பால் வந்துவிடும். முதல் வாரம் கழிந்த குழந்தை ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறத் தொடங்கியிருந்தால் பால் போதும் என்று அர்த்தம். பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ, இரண்டு வாரமாகியும் பிறந்த எடைக்கு வராவிட்டாலோ டின்னைத் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள். குழந்தை மார்பைப் பிடிக்கும் விதத்தைத் திருத்தினாலே பல நேரம் சரியாகிவிடும்.

இப்போது அந்த முதல் குழந்தைக்கு வருவோம். ஆறு மாதம் வரை நன்றாக ஏறி, அதன்பின் நின்றுவிட்டது. எடை நிற்பதை நான் அதிகம் பார்த்தது இந்த வயதில்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் போதாது, திட உணவு வேண்டும். அம்மா பீடி சுற்றப் போகிறாள், அல்லது ஷூ கம்பெனி வேலைக்கு ஆம்பூர் பஸ் ஏறுகிறாள். குழந்தை ஆயாவிடம், அதாவது பாட்டியிடம். ஆயாவுக்கோ தொண்டையில் அடைத்துக்கொள்ளுமோ என்று பயம், அதனால் கொடுப்பது கஞ்சித் தண்ணி, பருப்புத் தண்ணி, ரசம் ஊற்றிப் பிசைந்த நாலு பருக்கை, டீயில் நனைத்த பிஸ்கட். குழந்தையின் வயிறு ரொம்பச் சின்னது. அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடம் எங்கே? வயிறு நிறைகிறது, எடை ஏறவில்லை.

கஞ்சி ஸ்பூனைச் சாய்த்தால் ஓடக்கூடாது, மெதுவாக நகர வேண்டும். அதுதான் அளவு. குழையப் பிசைந்த சோற்றிலும் பருப்பிலும் ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ ஊற்றினால், அளவு கூடாமல் சத்து கூடும். கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சி, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை சேர்க்கலாம். வட ஆர்க்காட்டு மண்ணில் கேழ்வரகுக்கும் கடலைக்கும் எப்போதாவது பஞ்சம் உண்டா? முட்டை ஆறு மாதத்துக்கு மேல் கொடுக்கலாம், "சூடு" என்று ஒதுக்க வேண்டாம். பால்வாடியில் தரும் சத்துமாவு அந்தக் குழந்தைக்கென்று வந்தது. வீட்டில் எல்லோருக்கும் பங்கு போட்டால் குழந்தைக்குத் தினம் ஒரு பிடிகூடத் தேறாது. எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பதிலிருந்து மூன்று நான்கு வேளை, நடுவில் ஒரு வாழைப்பழம். தாய்ப்பாலும் இரண்டு வயது வரை தொடரட்டும்.

எடை நிற்பதற்கு இன்னொரு பெரிய காரணம் வயிற்றுப்போக்கு. "வயித்தால போவுது, ஒண்ணும் குடுக்காதே" என்று சாப்பாட்டை நிறுத்துவதுதான் பல வீடுகளில் முதல் வைத்தியம். மூன்று நாள் நோய், அதற்குமேல் நான்கு நாள் பத்தியம், ஒரு வாரத்தில் ஒரு மாத ஏற்றம் கரைந்துவிடும். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள், பதினான்கு நாள் துத்தநாக மருந்து கொடுங்கள், தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். நோய் தீர்ந்த பின் இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள், இழந்ததைக் குழந்தை பிடித்துவிடும்.

இந்த விஷயத்தில் வேலூருக்கு ஒரு தனி இடம் உண்டு. எட்டு நாடுகளில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை மாதாமாதம் அளந்து, வயிற்றுக் கிருமிகளையும் சேர்த்துப் பார்த்த மால்-எட் ஆய்வில் இந்தியாவின் களம் வேலூர்தான், இங்குள்ள சிஎம்சி மருத்துவக் கல்லூரி நடத்தியது. பேதியே ஆகாத குழந்தையின் குடலிலும் கிருமிகள் தங்கி, சத்தை உறிஞ்ச விடாமல் வளர்ச்சியைப் பின்னுக்கு இழுக்கின்றன என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. ரோட்டா வைரஸ் பேதியைத் தடுக்கும் இந்தியத் தடுப்பு மருந்தைச் சோதித்த மூன்று இடங்களில் ஒன்றும் வேலூர். மற்றவை டெல்லி, புனே. ரோட்டா சொட்டு மருந்து 2016-இல் அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் சேரத் தொடங்கியது. குடிநீரும் கைகழுவுவதும் தடுப்பூசியும் எடைக் கோட்டோடு எப்படிச் சேர்ந்தன என்று யாராவது கேட்டால், இதுதான் பதில்.

குழந்தை இளைத்தால் நம் பக்கத்தில் முதலில் வருவது "தோஷம்" என்ற பேச்சு. "தோஷம் தட்டிடுச்சு", "பல்லு முளைக்குது, அதான்", "கண்ணு பட்டுடுச்சு." எடை போட்டாலே கண் படும் என்று குழந்தையை அழைத்து வராத வீடுகளும் உண்டு. அவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தை தேறவில்லை என்பதை அந்தப் பாட்டி எல்லோருக்கும் முன்னாடியே கண்டுபிடித்துவிட்டார், பெயர்தான் வேறு. திருஷ்டி கழிக்கட்டும், மந்திரிக்கட்டும். கையோடு அட்டையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் ஆயா, எத்தனை மாதமாக ஏறவில்லை என்று சேர்ந்து பார்ப்போம் என்றால் யாரும் மறுப்பதில்லை.

எடையோடு நீளத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு வயதுக்குள் படுக்க வைத்து அளப்பார்கள், அதற்கு மேல் நிற்க வைத்து. நிற்கும்போது சுமார் 0.7 சென்டிமீட்டர் குறைவாக வரும், குழந்தை குட்டையாகிவிட்டதென்று நினைக்க வேண்டாம். பிறக்கும்போது 50 சென்டிமீட்டர் அளவில் இருப்பது ஒரு வயதில் 75 ஆகும். எடை ஒரு வாரக் காய்ச்சலில் குறைந்து மறுவாரம் திரும்பும். உயரம் மாதக்கணக்கான குறைபாட்டில்தான் தேங்கும், திரும்புவதும் கடினம். அதனால் வயதுக்கேற்ற எடை இல்லாததை எடைக்குறைவு என்றும், வயதுக்கேற்ற உயரம் இல்லாததை வளர்ச்சி குன்றல் என்றும், உயரத்துக்கேற்ற எடை இல்லாததை உடல் மெலிவு என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வளர்ச்சி குன்றியவர்கள். நான்கில் ஒருவர்! எல்லாக் குழந்தைகளும் குட்டையாக இருக்கும் தெருவில் ஒரு குழந்தை குட்டையாக இருப்பது யார் கண்ணுக்கும் படாது.

தராசே இல்லாத இடத்தில் ஒரு நாடா போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, இடது மேல்கையின் நடுவில் சுற்றி அளக்கிறார்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கவனம் தேவை, 11.5-க்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. பீஞ்சமந்தை மாதிரி மலையூர்களுக்கு இதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

எனக்குப் பொறுக்காத ஒன்று, எடை போட்டுவிட்டு எதுவும் பேசாமல் அனுப்புவது. பதிவேட்டுக்கு எண் கிடைக்கிறது, அம்மாவுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. குழந்தையின் அட்டையை அம்மாவின் கையிலேயே கொடுத்து வைக்கும் பழக்கத்தை 1950-களில் நைஜீரியக் கிராமம் ஒன்றில் தொடங்கிய மருத்துவர் டேவிட் மார்லி, தாய் அதைப் பார்த்துப் பேச வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார். தமிழ்நாட்டிலேயே 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். மிகவும் மெலிந்த குழந்தைகளோடு, எடை ஏறாமல் நின்ற குழந்தைகளுக்கும் குறைந்தது 90 நாள் சத்துருண்டை கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள், அம்மாவிடம் உட்கார்ந்து பேசினார்கள். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அதைவிடச் சரியான வழி எனக்குத் தெரியவில்லை. 2022-இல் அரசு தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்திலும் குழந்தைகளை அளந்து, கடுமையாக மெலிந்தவர்களுக்குச் சிறப்பு உணவு தருகிறார்கள். உங்கள் குழந்தைக்கு உண்டா என்று டீச்சரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது? ஆறு மாதத்துக்குள் ஒரே ஒரு மாதம் எடை ஏறாவிட்டாலும், அதற்கு மேல் இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாவிட்டாலும், எடை இறங்கினாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். புள்ளி ஆரஞ்சில் விழுந்தால், கைநாடா 11.5-க்குக் கீழே காட்டினால், இரண்டு பாதமும் வீங்கி விரலால் அழுத்தினால் குழி விழுந்தால், குழந்தை சோர்ந்து சாப்பிடவே மறுத்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீங்கிய பாதம் எடையைக் கூட்டிக் காட்டி ஏமாற்றும், அதனால் அதைப் பார்த்துப் "புள்ளை குண்டாயிடுச்சு" என்று சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து மாதத்தை எண்ணிப் புள்ளி வையுங்கள். இரண்டு மாதம் முன்னால் பிறந்த குழந்தை ஆறு மாதத்தில் நான்கு மாதக் கோட்டில்தான் நிற்க வேண்டும். கோடு செங்குத்தாக மேலே ஏறினாலும் கேட்டுவிடுங்கள், பாக்கெட் தீனியும் ஜூஸும் புகுந்திருக்கலாம்.

அட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுப் பீரோவுக்குள் வையுங்கள். மடித்து மடித்துக் கிழிந்த அட்டை, எலி கடித்த அட்டை, அம்மா வீட்டில் மறந்துவிட்ட அட்டை எல்லாம் வரும். தொலைந்துவிட்டாலும் பால்வாடிப் பதிவேட்டில் எண்கள் இருக்கும். புது அட்டை வாங்கி, போன மாத எடை, அதற்கு முந்தின மாத எடை என்று பின்னோக்கி எழுதித் தரச் சொல்லுங்கள். புள்ளிகளை நீங்களே வைத்துக் கோட்டைச் சேர்த்துவிடலாம், பென்சில் போதும்.